சிலிம் ரிவர் டாங்கிகள்: நாம் வகுப்பில் சொல்லாமல் விடும் பாதி



'மலாயாவில் ஆங்கிலேயர் ஏன் தோற்றனர்?' என்னும் வினாவை வகுப்பில் எழுப்பிப் பாருங்கள். மாணவர்கள் தயங்காமல் தரும் விடைகள் இரண்டு. ஒன்று மிதிவண்டி, மற்றொன்று டாங்கி. 'ஜப்பானியரிடம் டாங்கி இருந்தது, வெள்ளைக்காரனிடம் இல்லை ஐயா' என்று ஒரு மாணவன் சொல்லிவிட்டால் நாமும் 'சரி, உட்கார்' என்று சொல்லி அடுத்த பாடத்திற்குப் போய்விடுகிறோம். விடை தவறன்று. ஆனால் அது பாதி விடைதான். மீதிப் பாதியை நாம் சொல்லிக் கொடுப்பதில்லை என்பதே என் மனக்குறை. அந்த மீதிப் பாதி எங்கோ அயல்நாட்டில் நடந்த செய்தியுமன்று. நம் பாட்டன் பாட்டிமார் பால்மரம் சீவிய தோட்டங்களுக்கு நடுவே நடந்தது.

அதைச் சொல்வதற்கு முன்பு, அந்த டாங்கி எப்படிப்பட்டது என்று பார்த்துவிடுவோம்.

மலாய்மொழியில் டாங்கிக்குக் 'கெரெத்தா கெபால்' என்று பெயர். 'கெபால்' என்பது கத்தியும் குண்டும் தீண்ட முடியாத உடல்வரம் பெற்ற நிலையைக் குறிக்கும் சொல். நம் பிள்ளைகளுக்குக் கர்ணனின் கவசத்தைச் சொன்னால் உடனே விளங்கிவிடும். அழகான பெயர்தான், மறுக்கவில்லை. ஆனால் 1941, 1942ஆம் ஆண்டுகளில் நம் நாட்டுச் சாலைகளில் ஓடிய ஜப்பானிய டாங்கிக்கு இப்பெயர் சற்றும் பொருந்தாது என்பதுதான் வேடிக்கை!

ஜப்பானியத் தரைப்படையின் முதன்மை டாங்கியாக அன்று இருந்தது 97ஆம் வகை நடுத்தர டாங்கி. இந்த எண் எப்படி வந்தது? ஜப்பானியர் தம் பேரரசு ஆண்டுக் கணக்கில் 2597ஐக் கொண்டு அவ்வாறு பெயரிட்டனர். அது கிறித்து ஆண்டு 1937. அதற்குச் 'சி-ஹா' என்று இன்னொரு பெயரும் உண்டு. 'சி' என்பது நடுத்தர டாங்கி என்பதன் சுருக்கம். 'ஹா' என்பது அவர்களுடைய பழைய 'இ-ரோ-ஹா' எழுத்து வரிசையில் மூன்றாம் எழுத்து. நம் அ, ஆ, இ வரிசையில் 'இ' வருவதுபோல் என்று வைத்துக்கொள்ளலாம். மொழியாசிரியன் என்பதால் இதைச் சொல்லாமல் கடக்க மனம் வரவில்லை, பொறுத்தருள்க.

எடை ஏறத்தாழ 15 டன். உள்ளே நால்வர். 57 மில்லிமீட்டர் குறுங்குழல் பீரங்கி. 170 குதிரைத்திறன் கொண்ட, காற்றால் குளிரும் டீசல் இயந்திரம். மணிக்கு 38 கிலோமீட்டர் வரை ஓடும். முன்புற இரும்புக் கவசத்தின் தடிப்பு 25 மில்லிமீட்டர்தான். அக்காலத்திலேயே ஆங்கிலேயர் வடாப்பிரிக்கப் பாலைவனத்தில் பயன்படுத்திய 'மட்டில்டா' டாங்கியின் கவசம் 78 மில்லிமீட்டர் என்பதை ஒப்பிட்டுப் பாருங்கள். 97ஆம் வகைக்குத் துணையாக வந்த 95ஆம் வகைச் சிறு டாங்கியோ இன்னும் மெலிவு. எடை ஏழரை டன்னுக்கும் சற்றுக் குறைவு, கவசம் 12 மில்லிமீட்டர். கனரக இயந்திரத் துப்பாக்கியின் குண்டே அருகிலிருந்து சுட்டால் அதைத் துளைத்துவிடும்.

ஏன் இப்படிச் செய்தார்கள்? அறியாமையா? இல்லை. அவர்கள் எந்தப் போரை மனத்தில் வைத்து அதைப் படைத்தார்கள் என்று பார்க்க வேண்டும். சீனப் பெருநிலத்தில் நடந்து செல்லும் காலாட்படைக்குத் துணை நிற்பதுதான் அதன் வேலை. எதிரியிடம் டாங்கிகள் மிகச் சில, டாங்கியைத் துளைக்கும் பீரங்கிகளும் சில. ஆகவே இயந்திரத் துப்பாக்கி அரண்களை உடைப்பதற்கேற்ற பீரங்கி போதும் என்று கருதினர். கப்பலில் ஏற்ற வேண்டும், பாரந்தூக்கியால் இறக்க வேண்டும், ஆற்றுப் பாலங்களில் கடக்க வேண்டும். எனவே எடை மிகக்கூடாது. இரண்டு மாதிரிகள் போட்டியிட்டன. மிட்சுபிஷி நிறுவனம் செய்தது எடையும் விலையும் மிக்கது. ஒசாகா படைக்கலச் சாலை செய்தது இலேசானது, மலிவானது. தலைமைப் படைப்பிரிவு மலிவானதையே விரும்பியது. 1937 சூலையில் சீனாவில் முழுப்போர் மூண்டது. பணப்பை திறந்தது. மிட்சுபிஷியின் மாதிரி வென்றது. நாம் 'மெலிவு' என்று சொல்லும் இந்த டாங்கி, இரண்டில் வலுவானது என்பதை நினைவில் கொள்க.

அதன் குறை வெளிப்பட நெடுநாள் ஆகவில்லை. 1939ஆம் ஆண்டு மங்கோலிய எல்லையில் கல்கின் கோல் ஆற்றங்கரையில் சோவியத் படையோடு மோதியபோது ஜப்பானிய டாங்கிப் படை சில நாள்களிலேயே பெருஞ்சேதமுற்றுப் பின்வாங்கப்பட்டது. அங்கிருந்தவற்றில் 97ஆம் வகை நான்கே நான்கு. சோவியத்தின் 45 மில்லிமீட்டர் பீரங்கி தொலைவிலிருந்தே அவற்றைத் துளைத்தது. ஜப்பானியரின் குறுங்குழல் பீரங்கியால் அப்படித் திருப்பியடிக்க முடியவில்லை. பாடம் கற்றுக்கொண்டு 47 மில்லிமீட்டர் நெடுங்குழல் பீரங்கியைப் பொருத்தும் வேலையைத் தொடங்கினார்கள். ஆனால் மலாயாவில் நுழைந்தபோது வந்தவை பழைய பீரங்கி பொருத்திய டாங்கிகளே.

அதாவது, ஏற்கெனவே ஒரு போர்க்களத்தில் தோற்ற டாங்கிதான் இங்கே வென்றது. எப்படி?

இங்கேதான் நாம் விடும் பாதி தொடங்குகிறது. மலாயா அடர்ந்த காட்டுநாடு, இங்கே டாங்கிகளுக்கு வேலையில்லை என்னும் எண்ணம் ஆங்கிலேயப் படைத்துறையில் நெடுங்காலமாக ஊறிப் போயிருந்தது. போர் தொடங்கிய 1941 டிசம்பர் 8ஆம் நாள் மலாயாவில் அவர்களிடம் ஒரு டாங்கிகூட இல்லை. எவரும் கேட்கவில்லை என்று சொல்ல முடியாது. 1941 ஆகஸ்டில் மலாயாப் படைத் தலைமை தன் தேவைகளைப் பட்டியலிட்டபோது 48 காலாட்படைப் பிரிவுகளோடு இரண்டு டாங்கிப் படைப்பிரிவுகளையும் கேட்டது. வரவில்லை. மத்தியக் கிழக்கிற்கு வேண்டியிருந்தது. உருசியாவிற்கு அவ்வாண்டு இறுதிக்குள் நூற்றுக்கணக்கான டாங்கிகள் கப்பலேறின. அது தவறான முடிவென்று எளிதில் சொல்லிவிட முடியாது. இட்லரின் படை மாஸ்கோவின் வாசலில் நின்ற காலம் அது.

ஆனால் டாங்கி இல்லாமற் போனது ஒரு செய்தி, டாங்கியைத் தடுக்க ஆயத்தமில்லாமற் போனது முற்றிலும் வேறொரு செய்தி. முன்னதற்குக் கப்பல் வேண்டும். பின்னதற்குக் கண்ணிவெடியும், கற்காரைத் தடுப்புக் கட்டையும், பயிற்சியும் போதும். தலைமைப் பொறியாளராக 1941இல் வந்த பிரிகேடியர் ஐவன் சிம்சன், டாங்கி எதிர்ப்பு முறைகளை விளக்கும் போர்த்துறைக் கையேடுகள் படைத் தலைமையகத்தில் பிரித்துக் கொடுக்கப்படாமல் முடங்கிக் கிடந்ததைக் கண்டதாகப் பின்னாளில் தம் நூலில் எழுதியிருக்கிறார். கையேடுகள் இருந்தன. படிக்க வேண்டியவர் கைக்குப் போகவில்லை. பள்ளிக்கூடம் நடத்தும் நமக்கு இதைவிட நெஞ்சைச் சுடும் செய்தி வேறு உண்டா?

சரி, மலாயா காட்டுநாடுதானா? நடுமலைத் தொடர் காடு. மெய்தான். ஆனால் மேற்குக் கரையோ? கெடாவிலிருந்து ஜொகூர் வரை தார் பூசிய பெருஞ்சாலை. அதன் இருமருங்கிலும் பால்மரத் தோட்டங்கள். பால்மரத் தோட்டத்தைக் கண்டிராத இன்றைய பிள்ளைகளுக்கு இதை விளக்கிச் சொல்ல வேண்டும். மரங்கள் நிரை நிரையாக, கயிறு பிடித்து நட்டதுபோல் நிற்கும். நிரைகளுக்கு நடுவே தாராளமாக நடக்கலாம். தோட்டத்திற்குள் லாரி ஓடும் மண்சாலைகள் குறுக்கும் நெடுக்குமாகப் போகும். ஒரு நிரையிலிருந்து பார்த்தால் மறுகோடி தெரியும். இதைக் காடு என்று எவன் சொல்வான்? விடியுமுன் எழுந்து விளக்கோடு அந்த நிரைகளில் நடந்த எந்தத் தமிழ்ப் பெண்ணைக் கேட்டிருந்தாலும் 'இங்கே வண்டி போகும் ஐயா' என்று சொல்லியிருப்பாள். கேட்பாரில்லை. தோட்டத்துத் துரைமார்களுக்கும் தெரியாததன்று. வரைபடத்தில் பச்சை நிறம் தீட்டியிருந்தால் அது காடு என்று கொண்டவர்களுக்குத்தான் தெரியவில்லை.

முதல் அடி கெடாவில் விழுந்தது. டிசம்பர் 11ஆம் நாள், கொட்டும் மழையில், ஜித்ராவுக்கு வடக்கே பஞ்சாப் படைப்பிரிவொன்றின் நடுவே ஜப்பானிய டாங்கிகள் புகுந்தன. அந்த இந்திய வீரர்களில் மிகப் பெரும்பாலோர் வாழ்நாளில் டாங்கியைக் கண்ணால் கண்டதில்லை! சுடுவதற்கு என்ன இருக்கிறது, எங்கே சுடவேண்டும் என்று சொல்லித் தரப்படாத இளைஞர்கள் சிதறினார்கள். 'இந்தியப் படை ஓடியது' என்று சிலர் ஏளனமாக எழுதியதைப் படிக்கும்போது எனக்குக் கோபம் வரும். பாடமே நடத்தாமல் தேர்வு வைத்துவிட்டு மாணவனைக் குறை சொல்வதற்கும் இதற்கும் என்ன வேறுபாடு?

இனி சிலிம் ரிவர்.

1942 சனவரி 7. பின்னிரவு மூன்றரை மணி அளவில், நிலவொளியில், மேஜர் ஷிமாடாவின் தலைமையில் இருபது அளவிலான டாங்கிகள் திரோலாக்கிற்கு வடக்கே பெருஞ்சாலையில் ஒன்றன்பின் ஒன்றாகப் புறப்பட்டன. பெரும்பாலானவை 97ஆம் வகை. பின்னால் லாரிகளில் காலாட்படை. எதிரே நின்றது 11ஆவது இந்தியப் படையணி. ஐதராபாத், பஞ்சாப் வீரர்கள், ஸ்காட்லாந்தின் ஆர்கைல் படைப்பிரிவு, பின்னால் கூர்க்காக்கள். ஒரு மாதமாகப் பின்வாங்கி வந்தவர்கள். பகலெல்லாம் வானூர்தித் தாக்குதல், இரவெல்லாம் அரண் தோண்டல். உறக்கமில்லை. கைவசமிருந்த கண்ணிவெடிகளில் சொற்பமே சாலையில் வைக்கப்பட்டிருந்தன. பீரங்கிகளில் பெரும்பாலானவை பின்னணியில் ஓய்வில் இருந்தன.

முதல் வரிசை ஐதராபாத் படைப்பிரிவு. டாங்கிகள் அதைக் கிழித்துச் சென்றன. அடுத்துப் பஞ்சாப் வீரர்கள். அவர்கள் வைத்த கண்ணிவெடிகளில் முன்னணி டாங்கிகள் சிக்கின. சாலை அடைபட்டது. டாங்கிகள் முட்டி மோதி நின்றன. அங்கே ஒழுங்கான தடுப்பு இருந்திருந்தால் கதை அதோடு முடிந்திருக்கலாம். ஆனால் முடியவில்லை. காரணம், ஒரு பழைய சாலை.

இதைச் சற்று நிறுத்திச் சொல்ல வேண்டும். போருக்கு முன்பே பெருஞ்சாலையின் வளைவுகளை வெட்டி நேராக்கியிருந்தார்கள். வெட்டிவிடப்பட்ட பழைய வளைவுகள் பால்மரத் தோட்டத்திற்குள் அப்படியே கிடந்தன. பெருஞ்சாலையிலிருந்து பிரிந்து, மரங்களுக்குள் மறைந்து, சிறிது தொலைவில் மீண்டும் பெருஞ்சாலையில் சேரும் பாதைகள் அவை. தோட்டத்து மக்கள் அன்றாடம் நடந்த பாதைகள். அவற்றை எவரும் அடைக்கவில்லை. ஜப்பானியர் ஒன்றைக் கண்டுபிடித்துச் சுற்றிக்கொண்டு பஞ்சாப் படையின் பின்புறம் வெளிவந்தார்கள். அதன்பின் அதே உத்தி மீண்டும் கைகொடுத்தது.

தொலைபேசிக் கம்பிகள் அறுந்து போயின. எனவே 'டாங்கி வருகிறது' என்னும் செய்தி பின்னால் இருந்தவர்களுக்குப் போய்ச் சேருமுன் டாங்கியே போய்ச் சேர்ந்தது. விடியும் வேளையில் ஆர்கைல் படையின் அவசரத் தடுப்புகளை உடைத்தார்கள். முன்னணிக்கு உதவியாகச் சாலையில் அணிவகுத்து நடந்து வந்துகொண்டிருந்த மற்றொரு பஞ்சாப் படைப்பிரிவு, முன்னால் என்ன நடந்தது என்றே அறியாமல், நேரே டாங்கிகளின் இயந்திரத் துப்பாக்கிகளின் முன் அகப்பட்டது. பிறகு குளூனி தோட்டத்தருகே ஒரு கூர்க்காப் படைப்பிரிவுக்கும் அதே கதி. அவர்களை டாங்கிகள் பின்னாலிருந்து வந்து பிடித்தன. குளூனி என்ற பெயர் சிலிம் ரிவர் வட்டாரத் தமிழர்களுக்குப் புதிதன்று. அப்பெயரைத் தாங்கிய தமிழ்ப்பள்ளி அங்கே உண்டு.

காலை எட்டரை மணிக்குமேல் சிலிம் ஆற்றுப் பாலம். அங்கே காவலிருந்தவை வானூர்தி எதிர்ப்புப் பீரங்கிகள். அவற்றின் குண்டுகள் கவசத்தில் பட்டுத் தெறித்தன. வானூர்தியைச் சுடுவதற்கான குண்டுகள் டாங்கியை என்ன செய்யும்? பாலத்தைத் தகர்க்க வைத்திருந்த வெடியின் கம்பியை முன்னணி டாங்கியிலிருந்து இறங்கிய வாட்டனாபே என்னும் இளம் அதிகாரி தம் வாளால் அறுத்தார் என்பர். பாலத்திற்கு அப்பால் இரண்டு மைல் சென்றபின், ஆங்கிலேயரின் 155ஆவது களப் பீரங்கிப் படைப்பிரிவின் ஒரு ஹவிட்சர் பீரங்கி நேருக்கு நேர் சுட்டு முன்னணி டாங்கியை உடைத்தது. அங்கேதான் அந்த ஓட்டம் நின்றது. அதற்குள் 19 மைல் கடந்திருந்தன. ஆறு மணி நேரத்தில் ஒரு படையணி உருக்குலைந்தது. ஏறத்தாழ 3200 பேர் சிறைப்பட்டனர். நான்கே நாளில், சனவரி 11ஆம் நாள், கோலாலம்பூர் வீழ்ந்தது.

கவனித்தீர்களா? ஒரு பீரங்கி ஒழுங்காகச் சுட்டவுடன் அந்தக் 'கெபால்' நின்றுவிட்டது!

இது ஏதோ தற்செயல் என்று நினைப்பவர்கள் மூவார் அருகே பக்ரிக்கு வரட்டும். சனவரி 18ஆம் நாள் காலை. ஆஸ்திரேலியரின் 2/29ஆவது படைப்பிரிவிடம் டாங்கி எதிர்ப்புப் பீரங்கிகள் இரண்டு இருந்தன. 40 மில்லிமீட்டர் அளவே உள்ள சிறிய பீரங்கிகள். வந்தவை 95ஆம் வகைச் சிறு டாங்கிகள். முதலில் சுட்ட கவசத்துளைப்புக் குண்டுகள் ஒருபுறம் நுழைந்து மறுபுறம் வெளியேறிவிட்டனவாம், கவசம் அவ்வளவு மெல்லியது. பிறகு வெடிகுண்டு மாற்றிச் சுட்டார்கள். ஒன்பது டாங்கிகளும் அந்தச் சாலையிலேயே அழிந்தன. எரிந்து நிற்கும் அந்த டாங்கி வரிசையின் புகைப்படத்தை உங்களில் பலர் பார்த்திருப்பீர்கள். இதில் வேதனை என்னவென்றால், அந்தப் படைப்பிரிவின் தலைவரே முந்தின நாள் இந்தப் பீரங்கிகள் தமக்குத் தேவையில்லை என்று கருதியிருந்தார். பீரங்கிக்காரர்கள் பிடிவாதமாக நின்றதால்தான் அவை அங்கே இருந்தன.

டாங்கி அதேதான். சாலையும் அதேபோன்ற தோட்டச் சாலைதான். சிலிம் ரிவரில் 11 நாளுக்கு முன் ஒரு படையணியைக் குலைத்தது, பக்ரியில் இரண்டு சிறு பீரங்கிகளிடம் தோற்றது.

அதற்காக ஜப்பானியரின் திறமையை மறைக்க வேண்டுமென்று நான் சொல்லவில்லை. நியாயம் நியாயம்தான். அவர்கள் மலாயாவைப் பற்றிப் படித்தார்கள். 1941இன் தொடக்கத்திலேயே தைவானில் ஓர் ஆய்வுக்குழுவை அமைத்து வெப்பநாட்டுப் போரைப் பற்றி ஆராய்ந்தார்கள். பின்வாங்கியவர்கள் தகர்த்த பாலங்களை அவர்களுடைய பொறியாளர்கள் மரத்தைக் கொண்டு விரைந்து செப்பனிட்டார்கள். அந்த மரப்பாலங்களில் 15 டன் டாங்கி கடந்தது. இருபத்தாறு டன்னுக்கு மேற்பட்ட மட்டில்டா கடந்திருக்குமா? மங்கோலியப் புல்வெளியில் குறையாக இருந்த அந்த இலேசான உடல், இங்கே வசதியாகிவிட்டது. டாங்கியை எண்களைக் கொண்டு மட்டும் மதிப்பிடுபவர்களுக்கு இது பிடிபடாது. கணினி விளையாட்டில் கவசத்தின் தடிப்பையும் பீரங்கியின் அளவையும் கூட்டிக் கழித்து 'எது பெரிய டாங்கி' என்று வாதிடும் நம் பையன்களைத்தான் சொல்கிறேன். அவர்களுக்கு இந்த ஆர்வம் இருப்பது நல்லதே. அதை அடக்க வேண்டாம். அந்த ஆர்வத்தின் கையைப் பிடித்துக்கொண்டு சிலிம் ரிவர் வரை நடத்திச் செல்லலாம் என்பதே என் கருத்து.

பின்னாளில் இந்த டாங்கிக்கு என்ன நேர்ந்தது என்பதையும் அவர்களுக்குச் சொல்லுங்கள். 1944 சூன் 16 நள்ளிரவுக்குப்பின் சைப்பான் தீவில் நாற்பதுக்கும் மேற்பட்ட ஜப்பானிய டாங்கிகள் அமெரிக்கரைத் தாக்கின. 47 மில்லிமீட்டர் பீரங்கி பொருத்திய புதிய 97ஆம் வகையும் அவற்றில் இருந்தது. விடிவதற்குள் அவற்றில் பெரும்பகுதி எரிந்து போயிற்று. தோளில் வைத்துச் சுடும் 'பசூக்கா'வே அதற்குப் போதுமாயிருந்தது. ஜப்பானின் இரும்பும் எஃகும் கப்பலுக்கும் வானூர்திக்கும் போய்விட்டன. தரைப்படையின் டாங்கிக்கு மிஞ்சியது கொஞ்சம். உள்ளே இருந்த நால்வரும் எவருடைய பிள்ளைகளோ!

'தமிழ்ப்பள்ளி மாணவர்களுக்கு எதற்கு ஐயா டாங்கிக் கதை? போரைப் புகழ்வதாகாதா?' என்று பெற்றோர் சிலர் கேட்கக்கூடும். நியாயமான கேள்வி. புகழ்வதற்காக இல்லை என்பதே என் மறுமொழி. சிலிம் ரிவரில் அந்த அரண் உடைந்ததன் விலையை யார் கொடுத்தார்கள்? படைத் தலைமையகத்தில் வரைபடம் பார்த்தவர்கள் மட்டுமா? பஞ்சாப்பிலும் நேப்பாள மலைகளிலும் மகனை அனுப்பிவிட்டுக் காத்திருந்த தாய்மார்கள் கொடுத்தார்கள். பிப்ரவரி 15இல் சிங்கப்பூரும் சரணடைந்தபின், இரப்பருக்குச் சந்தை இல்லாமல் பட்டினி கிடந்த தோட்டங்களிலிருந்து பல்லாயிரம் தமிழர் சயாம் மரண இரயில் பாதைக்குக் கொண்டு போகப்பட்டார்களே, அவர்கள் கொடுத்தார்கள். நம் குடும்பங்களில் அந்தக் கதை இல்லாத குடும்பம் குறைவு. சயாமுக்குப் போய்த் திரும்பாத தாத்தாவைப் பற்றிப் பேசும் பிள்ளைக்கு, அந்த வழி எங்கே திறந்தது என்று தெரிய வேண்டாமா?

டாங்கிகள் இருந்திருந்தாலும் ஆங்கிலேயர் தோற்றிருப்பர், வானமும் கடலும் அவர்கள் கைவிட்டுப் போய்விட்டனவே என்று வாதிடுவோர் உளர். இருக்கலாம். 'பிரின்ஸ் ஆப் வேல்ஸ்', 'ரிபல்ஸ்' ஆகிய இரு போர்க்கப்பல்களும் டிசம்பர் 10ஆம் நாளே மூழ்கிவிட்டன. வானூர்திப் படையும் தொடக்க நாள்களிலேயே நலிந்துவிட்டது. நானும் முடிவு மாறியிருக்கும் என்று சாதிக்கவில்லை. ஆனால் அந்தப் பழைய வளைவுச் சாலைகளை அடைப்பதற்குப் போர்க்கப்பலும் வேண்டியதில்லை, வானூர்தியும் வேண்டியதில்லை. அங்கே வாழ்ந்தவர்களிடம் ஒரு வார்த்தை கேட்டிருந்தால் போதும்.

ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள். அடுத்த முறை இப்பாடம் நடத்தும்போது பேராக் மாநில வரைபடம் ஒன்றைக் கரும்பலகையில் மாட்டுங்கள். சுங்கை, திரோலாக், சிலிம், தஞ்சோங் மாலிம் ஆகிய ஊர்களைக் குறிக்கச் சொல்லுங்கள். தோட்டங்களின் பெயர்களையும் எழுதச் சொல்லுங்கள். பிறகு, 'நீ இந்தத் தோட்டத்துப் பிள்ளை. டாங்கியை எந்த இடத்தில் நிறுத்துவாய்?' என்று கேளுங்கள். பெற்றோர்களே, வடக்கே பயணம் போகும்போது தஞ்சோங் மாலிமில் விரைவுச்சாலையை விட்டிறங்கிப் பழைய சாலையில் போய்ப் பாருங்கள். பால்மரங்கள் பல இடங்களில் போய்ச் செம்பனை வந்துவிட்டது. வீட்டில் எழுபது, எண்பது வயதுப் பாட்டி இருந்தால் அவரையும் அழைத்துச் செல்லுங்கள். நிரை என்றால் என்ன, ஒரு நிரைக்கும் மறுநிரைக்கும் எத்தனை அடி என்பதை அவர் பிள்ளைக்கு நின்ற இடத்திலேயே காட்டிக் கொடுப்பார்.